எந்த ஓர் இடத்திலும்

சட்டத்தை உரைநடையாகப் படிக்கிறவர்கள் நம்மில் குறைவு. வக்கீல்கள் படிக்கிறார்கள் என்றால் அது வேறு தேவைக்காக. ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தன் நாவல்களில் ஒப்புக்கொள்ளத் தயங்குகிற விஷயத்தைச் சில சமயம் ஒரு சட்டவாசகத்தின் நடுவில், அதிகம் யோசிக்காமல், சொல்லிவிடுகிறது. அப்படி ஒரு வாசகம் சில வருஷங்களாக என் மனசில் கிடக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் படகு வைத்திருப்பவர்களைப் பற்றியது. 1995-ம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேய்ஸ் சட்டம், 17-ம் பிரிவு. படகுக்கு உரிமம் வேண்டுமானால் இரண்டில் ஒன்று இருக்கவேண்டும் என்கிறது அது. ஒன்று, படகை நியாயமாக வைத்திருக்கவும் சட்டப்படி விட்டுப்போகவும் ஒரு கட்டுதுறை. அது இல்லாதவர், உரிமக் காலம் முழுவதும் படகு மெய்யான பயணத்துக்கே பயன்படும் என்று அதிகாரிகளைத் திருப்திப்படுத்த வேண்டும். எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல், அல்லது சூழ்நிலையை ஒட்டி நியாயமெனப்படும் கூடுதல் நாட்களுக்கு மேல், படகு நிற்கக்கூடாது.

'இடம்' என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 'மெய்யான பயணம்' என்பது எத்தனை மைல் என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டு மௌனங்களுக்குள் ஆயிரக்கணக்கான பேர் அடுப்பு மூட்டிக் குடியிருக்கிறார்கள்.

நான் இருப்பது வடமேற்கு லண்டனில், அல்பேட்டனில். ஈலிங் றோட்டில் மரக்கறிக் கடைகளும் சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் நெருக்கியடிக்கிற பகுதி. அந்தத் தெருவின் பாலத்துக்குக் கீழே கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை ஓடுகிறது என்பது அங்கே முருங்கைக்காய் வாங்க வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது. ஓடுகிறது என்று சொல்வதுகூடப் பிசகு, கிடக்கிறது. 1801-ல் திறக்கப்பட்டது. சவுத்தோலுக்குப் பக்கத்தில் புல்ஸ் பிரிட்ஜில் பிரிந்து பாடிங்டன் வரை பதின்மூன்றரை மைல், ஒரு லாக்கூட இல்லாமல், ஒரே மட்டத்தில் கிடக்கிறது. அல்பேட்டனுக்குக் கிழக்கே, கார்கள் இரைந்துகொண்டு போகும் நோர்த் சேக்குலர் வீதிக்கு மேலாக, தொட்டிப்பாலம் ஒன்றில் தண்ணீர் சத்தமில்லாமல் வீதியைக் கடக்கிறது. கரையோரம், ஒரு காலத்தில் குதிரைகள் நடந்து படகிழுத்த பாதையில், முளையடித்துக் கட்டிய படகுகள். நீளம் எழுபதடி வரை போகும். அகலம் ஏழடிக்கு உள்ளேதான். பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டிய லாக்குகளின் அகலம் இன்னும் அவர்கள் கட்டிலின் அகலத்தைத் தீர்மானிக்கிறது.

அந்தப் படகுகளில் இருப்பவர்கள் எல்லோரும் நாடோடி மனசு கொண்டவர்கள் அல்ல. லண்டனில் ஓர் அறையின் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவர்கள், கலியாணம் முறிந்து வந்தவர்கள், ஓய்வுபெற்று வீட்டை விற்று வந்தவர்கள், உண்மையிலேயே தண்ணீர்மேல் ஆசை வைத்து வந்தவர்கள் என்று பலவகை. தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பறைப் பெட்டியைக் கொட்டுமிடம் எங்கே, நிலக்கரிப் படகு எப்போது வரும் என்கிற கணக்கில் நாள் போகிறது. நமது புதுக்கவிதையில் படகுக்குக் குறைவில்லை. கரை, துறை, நங்கூரம், திசையறியாப் பயணம் எல்லாம் வந்துவிட்டன. அந்தப் படகுகளில் ஒன்றிலாவது கழிவுப்பெட்டி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

படகில் குடியிருப்பதைச் சட்டம் கவனிக்கத் தொடங்கியது இன்று நேற்றல்ல. 1840களுக்குப் பிறகு ரயில்வேயின் போட்டியில் சரக்குக் கூலி விழுந்தபோது, கரையில் ஒரு வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாத படகுக்காரர்கள் மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். குடும்பம் முழுவதும் சம்பளமில்லாத வேலையாளாயிற்று. பின்புறத்தில் ஏறக்குறையப் பத்தடி நீள அறை ஒன்று. சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள். கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் இதைப் பெரிய விவகாரமாக்கினார். 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகைக் குடியிருப்பாகப் பதிய வேண்டும். எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா என்பதற்கு வரம்பு. சுகாதார அதிகாரி உள்ளே வந்து பார்க்கலாம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஒவ்வொரு படகும் ஏதாவது ஓர் ஊரைச் சேர்ந்ததாகப் பதிவேட்டில் இருக்கவேண்டும். அந்தப் படகில் வளரும் பிள்ளை, பள்ளிக்கூட விஷயத்தில், அந்த ஊரில் வசிக்கும் பிள்ளையாகவே கருதப்படும். ஸ்மித்தின் குரலில் கீழ்ஜனங்களைத் திருத்த வந்த கனவானின் தொனி உண்டு. அது எனக்கு உவப்பானதல்ல. இருந்தாலும் அந்தச் சட்டம் நகர்ந்துகொண்டேயிருந்த ஒரு பிள்ளைக்கு ஓர் ஊரைக் கற்பித்துக் கொடுத்தது. 118 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த சட்டம், நின்றுவிட்ட படகுக்கு ஒரு பயணத்தைக் கற்பிக்கச் சொல்கிறது.

இடையில் நடந்தது இலக்கியத்தோடு சம்பந்தமுள்ளது. எல். ரி. சி. றோல்ட் என்ற பொறியாளர் 1939-ல் புதுமனைவியோடு 'கிரெசி' என்ற படகில் குடியேறினார். அந்த வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1944-ல் வந்தது. அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதியவர் றொபேட் எய்க்மன், பின்னாளில் விசித்திரக் கதைகளுக்காகப் பெயர்பெற்ற அதே எய்க்மன். இருவரும் சேர்ந்து 1946-ல் உள்நாட்டு நீர்வழிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். சீக்கிரமே முரண்பட்டார்கள். கால்வாயில் ஒரு மைலைக்கூட விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது எய்க்மனின் நிலை. சரக்கேற்றிப் பிழைக்கும் படகு ஜனங்களின் பிழைப்பே முதல் என்பது றோல்டின் நிலை. 1951-ல் றோல்ட் தான் தொடங்கிய சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இந்தக் கதை அந்நியமாக இராது. பல கால்வாய்கள் பிழைத்தன. படகு ஜனங்கள் பிழைக்கவில்லை. 1962–63 பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து படகுகள் வாரக்கணக்கில் சிக்கிக்கிடந்ததோடு எஞ்சிய சரக்கிலும் பெரும்பகுதி போயிற்று. 1970 ஒக்டோபரில், சவுத்தோலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு அதெர்ஸ்டனிலிருந்து நிலக்கரி கொண்டுவந்த படகுகள் நின்றபோது, நெடுந்தூரச் சரக்கு என்பது ஏறக்குறைய முடிந்த கதையாயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் உல்லாசப் படகுகள் வந்தன. அவற்றின் பின்னால் வீடற்றவர்களின் படகுகள் வந்தன.

2012-ல் பிரிட்டிஷ் வாட்டர்வேய்ஸின் பொறுப்பு கனால் அண்ட் றிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குப் போயிற்று. சுமார் 2,000 மைல் நீர்வழி அதன் கையில். கட்டுதுறை இல்லாத படகுகள் 2010-ஐ ஒட்டி இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டன. இறுக்கமும் கூடவே வந்தது. கரைப்பாதையில் ஆள் நடந்து படகின் எண்ணையும் அது கட்டியிருக்கும் இடத்தையும் கருவியில் பதிகிறார். பதிவுகள் சேர்ந்து ஒரு வரைபடமாகின்றன. உரிமக் காலம் முழுவதிலும் 15 முதல் 20 மைலுக்குக் குறைந்த வீச்சில் நகர்ந்தவர், தான் மெய்யாகவே பயணம் செய்ததாக நம்பவைப்பது மிகக் கடினம் என்று டிரஸ்ட் அறிவித்தது. 2015-லிருந்து, போதிய அளவு நகராதவர்களுக்கு முழு வருஷத்துக்குப் பதில் குறுகிய கால உரிமம். 2024 ஏப்ரலில் கட்டுதுறை இல்லாதவர்களுக்கு உரிமக் கட்டணத்தில் 5 சதவீதம் கூடுதல் என்று தொடங்கினார்கள். 2028-க்குள் அது 25 சதவீதமாக ஏறுமென்று அறிவித்திருக்கிறார்கள். உரிமம் போனால் படகு அனுமதியின்றிக் கிடக்கும் பொருளாகிவிடும். 1983-ம் ஆண்டுச் சட்டத்தின் 8-ம் பிரிவு அதை அப்புறப்படுத்த அதிகாரம் தருகிறது. ஆள் குடியிருக்கும் படகென்றால் வழக்கமாக நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அதன் பிறகு கிரேன். வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவன் தெருவில் நின்று வீட்டையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே வீடே லொறியில் ஏறிப்போகிறது.

சட்டத்தில் மைல்கணக்கு கிடையாது, 14 நாள் மட்டுமே உண்டு என்று படகுவாசிகள் வாதிடுகிறார்கள். 2009-லிருந்து அவர்களுக்குச் சொந்தச் சங்கமும் இருக்கிறது. 2011-ல் பிரிஸ்டலில் ஒரு மாவட்ட நீதிமன்றம், பாத் நகருக்கு அருகே பத்து மைல் நீளத்துக்குள் போய்வந்துகொண்டிருந்த ஒருவர் செய்தது மெய்யான பயணம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அவர் நகர்ந்தார் என்பதில் சந்தேகமில்லை. நகர்ந்ததன் நோக்கம் பயணம் அல்ல, குடியிருப்பு என்பதே விஷயம்.

இங்கே எனக்கு விமர்சனம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆசிரியனின் நோக்கத்தைக் கொண்டு பிரதியை மதிப்பிடுவது பிழை என்று விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் எழுதியது 1946-ல், எய்க்மனும் றோல்டும் சங்கம் வைத்த அதே வருஷம். நாம் அதை ஏற்றும் மறுத்தும் எத்தனையோ இரவுகள் கதைத்திருக்கிறோம். யாருக்கும் அதனால் வீடு போகவில்லை. கரைப்பாதையில் எடுத்த பதிவுகளை வைத்துக்கொண்டு, வரைபடத்தின் மேல் சிதறிய புள்ளிகளிலிருந்து, படகுக்காரரின் உள்மனசில் பயணம் இருந்ததா என்று வாசிக்கிறார்களே, அது நோக்கத்தைத் தேடும் விமர்சனம். அங்கே அதற்கு அமலாக்கும் அதிகாரமும் உண்டு.

கரைப்பாதையில் அடிக்கடி கண்டு பழக்கமான ஒரு பெண்மணி இருக்கிறார். ஒரு மகள், அல்பேட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இவர் முதியோரைப் பராமரிக்கும் வேலை. இன்றுவரை அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் வந்ததில்லை. வராமல் இருப்பதற்காகவே அவருடைய வாழ்க்கை அமைந்திருக்கிறது. 13-ம் நாள் வேலையாக இருந்தால் 12-ம் நாள் இரவில் நகர்த்துவார். பாடிங்டன் கிளையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்தாலும் பதின்மூன்றரை மைல்தான், கணக்குக்குப் போதாது. ஆகவே பள்ளிக்கூடம் நடக்கும் காலத்தில் கிளைக்குள் மேலும் கீழும் போய்வந்துவிட்டு, கோடை விடுமுறையில் அக்ஸ்பிரிட்ஜைத் தாண்டி, லாக்குகள் ஏறி, றிக்மன்ஸ்வேத் வரை போவார். பிள்ளைக்கு விடுமுறை; தாய்க்கு அது 'வீச்சு'. செப்டெம்பரில் திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கட்ட இடம் இருக்காது. இரண்டு மூன்று கிழமை பஸ் மாறிப் பஸ் ஏறிப் பிள்ளையைக் கொண்டுபோவார்.

அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. ஒருநாள் காட்டினார். திகதி, நேரம், புறப்பட்ட பாலம், கட்டிய பாலம், ஒரு படம் எடுத்தாயிற்று என்பதற்கு ஒரு சரி அடையாளம். இடையிடையே காரணங்கள்: மகளுக்குக் காய்ச்சல், 3 நாள், எஞ்சின் பெல்ட் அறுந்தது, 2 நாள், தண்ணீர் உறைந்தது, 5 நாள். 'நியாயமெனப்படும் கூடுதல் காலம்' என்ற வாசகத்துக்கான பாடபேதங்கள் இவை. ஓர் இடத்தில் மட்டும் 'மீன்கொத்தி' என்று எழுதி, அதன்மேல் கோடிழுத்து அடித்திருந்தது. ஏன் என்றேன். இது அதற்கான கொப்பி இல்லை என்றார்.

நானும் பல நாட்குறிப்புகள் படித்திருக்கிறேன். தனக்காக எழுதியவை, பிற்காலத்துக்காக எழுதியவை, பிரசுரத்துக்காக எழுதிவிட்டுத் தனக்காக எழுதியதுபோல் நடித்தவை. நம்பாத ஒரு வாசகனை மட்டும் மனசில் வைத்து எழுதப்பட்ட நாட்குறிப்பை அப்போதுதான் பார்த்தேன். வாசகன் வராமலே போகலாம். ஆனால் மீன்கொத்தியை அவன் அடித்துவிட்டான்.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டுகளில், அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓர் அலுவலகத்தில் போய்க் கையொப்பம் வைக்கவேண்டியிருந்தது. அதே 14 நாள். நான் எங்கும் போய்விடவில்லை, சொன்ன விலாசத்திலேயே இருக்கிறேன் என்பதற்கு அது அத்தாட்சி. இந்தப் பெண்மணி அவர் பிறந்த நாட்டில், தான் எங்கும் இருந்துவிடவில்லை, போய்க்கொண்டே இருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி சேர்க்கிறார். இன்னொன்றும் உண்டு. 2007 ஜூன் 7-ம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. மறுநாள் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அங்கே துவக்கு நின்றது; இங்கே கடிதமும் அவகாசமும் வழக்கும் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தைச் சிறிதென்று சொல்பவன் துவக்கைக் காணாதவன். ஆனால் கேள்வியின் இலக்கணம் ஒன்றுதான்: நீ இங்கே இருப்பதற்கு என்ன காரணம்? இருப்பது என்பது தானே ஒரு காரணமாகாது என்பது அந்தக் கேள்விக்குள் முதலிலேயே முடிவாகியிருக்கிறது.

மறுபக்கத்தையும் மழுப்பாமல் பார்க்கவேண்டும். கால்வாய்கள் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட மண்வேலை. கரை உடைகிறது, லாக் கதவு உளுக்கிறது, அணைக்கட்டுகளைப் பார்க்கவேண்டும். 2027-லிருந்து பத்து ஆண்டுகளுக்கு 401 மில்லியன் பவுண் தருவதாக அரசாங்கம் 2023-ல் அறிவித்தது. ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு போகும் மானியம் அது. பணம் எங்கிருந்தாவது வரவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை பயணம் வருகிறவருக்குக் கட்ட இடமில்லை, ஒரு படகோடு இன்னொன்றாக இரட்டை வரிசை. கட்டுதுறைக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர், அது கட்டாமல் அதே தண்ணீரில் கிடப்பவரைப் பார்த்துக் கசந்துகொள்வதில் மனித சுபாவம் இருக்கிறது. 14 நாள் விதி இல்லாவிட்டால் முதலில் வந்தவர்கள் கரையை வளைத்துக்கொள்வார்கள். பின்னால் வரும் ஏழைக்கு அதுவும் கிடைக்காது. இந்த வாதங்களில் ஒன்றுகூடப் பொய்யல்ல.

ஆனால் விதி யாருக்காக இறுகுகிறது என்று பார்க்கையில் வேறொரு சித்திரம் தெரிகிறது. அல்பேட்டனில் கால்வாயை ஒட்டிய பழைய தொழிற்சாலை வளவுகளில் இப்போது மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. விளம்பரப் படங்களில் முன்னால் வர்ணப் படகு ஒன்று நிற்கும். படகுகளால்தான் அந்தச் சன்னல்களுக்கு விலை. குடிவந்த பிறகு படகின் புகை, படகின் ஜெனரேற்றர் சத்தம் என்று முறைப்பாடு. படகு வேண்டும், படகில் ஆள் வேண்டாம். பயணம் வேண்டும், பயணி எங்காவது போய்விட வேண்டும். எய்க்மன் கண்ட கனவு ஒருவகையில் நிறைவேறியிருக்கிறது.

நிலைகொள்ளாமையை ஒரு விழுமியமாக நவீனத்துவம் நமக்குக் கற்றுத்தந்தது. வேரற்றவன், வழிப்போக்கன், எங்கும் சேராதவன் என்று நமது கவிதையும் அவனைக் கொண்டாடிற்று. அலைதலைத் தவணை வைத்து, மைல்கணக்குப் போட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு விதிக்க முடியும் என்பதை நாம் யோசிக்கவில்லை. சுதந்திரமாக அலைகிறவனுக்கும் அலையவேண்டியிருப்பவனுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கிடையாது. இருவரும் முளையைப் பிடுங்குகிறார்கள், இருவரும் கயிற்றைச் சுருட்டுகிறார்கள். வித்தியாசம், நிற்க முடியுமா என்பதில் இருக்கிறது. நிற்க உரிமையுள்ளவனின் நகர்வே பயணம். மற்றது வேறு.

போன தேர்தலுக்கு முன் அந்தப் பெண்மணி வாக்காளர் பதிவுக்கான பத்திரம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். நிலையான விலாசம் இல்லாதவர்களுக்காக 2000-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏற்பாடு; 'உள்ளூர்த் தொடர்பு அறிவிப்பு' என்று பெயர். உங்கள் நேரத்தில் கணிசமான பகுதியை வழக்கமாக எந்த இடத்தில், அல்லது எந்த இடத்துக்கு அருகில், கழிக்கிறீர்கள் என்று அது கேட்கிறது. உண்மையைச் சொன்னால் வாக்கு கிடைக்கும். அதே உண்மையை இன்னொரு பத்திரத்தில் சொன்னால் உரிமம் ஆட்டம் காணும். ஒரே அரசு, ஒரே பெண், ஒரே சொல். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே மகள் கூரைமேல் உட்கார்ந்து வாத்துகளுக்கு ஏதோ எறிந்துகொண்டிருந்தாள்.

பிறகு, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கும் பாலத்தின் பெயரை எழுதினார். தெளிவாக, கட்டத்துக்குள், பெரிய எழுத்தில்.